அரைச் சுற்று

செயலாளர் சார், நீங்கள் கொடுத்துவிட்டுப் போன படிவத்தில் ‘விபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் இரண்டே இரண்டு வரிதான் விட்டிருக்கிறீர்கள். அதிலும் ஒரு வரியைச் சங்கத்தின் முத்திரை தின்றுவிட்டது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன். கையெழுத்து புரியும் என்று நம்புகிறேன். சின்னச் சின்னச் சீட்டில் எழுதிப் பழகிய கை.

என் கணவர் உள் அறையில் படுத்திருக்கிறார். வலது தோள்பட்டை எலும்பில் கீறல் விழுந்து கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்குவதால் அவரால் எழுத முடியாது. வாயால் சொல்லிவிட்டார். “தரை சரியில்ல. பூரா சரளைக் கல்லு. யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க. அப்படியே எழுது,” என்றார். புதுப் பல் இன்னும் பழகாததால் ‘சரளை’ என்னும்போது லேசாக விசில் வருகிறது. எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இது அவர் சொன்னது அல்ல, நான் சொல்வது. நேற்று நீங்கள் பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினீர்களே, குன்றில் பொறுக்கிய சாமான்கள், அவற்றைப் பற்றியது.

நான் பல் செய்கிறவள். டென்டிஸ்ட் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் செதுக்கி, பல்லைப் பதித்து, ஈறு நிறத்தில் தட்டு வார்த்து, மெருகேற்றி அனுப்புவது என் வேலை. ஒரு தட்டுக்கு நாலு நாள். நாளைக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு முன்பல் இல்லை என்று கெஞ்சுவார்கள். நாலு நாள் என்றால் நாலு நாள்தான். காலை எட்டுக்கு ஆய்வகம் போனால் இரண்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் வாஷிங் மெஷின் விற்கும் கடையில் மேற்பார்வையாளர். ஏழு மணிக்கு முன் வரமாட்டார். இடையில் இருக்கும் பிற்பகல் என்னுடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் யாரோ பழைய கோடவுனை இடித்தபோது இந்த வண்டி கிடைத்தது. காட்டுமேட்டில் ஓட்டுவதற்கென்றே ஐம்பது வருடத்துக்கு முன் செய்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். ஒல்லி, உயரம், முன் மட்கார்டு கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பாரவண்டியிலிருந்து இறக்கும்போதே அவர் தெருவுக்குக் கேட்கிற மாதிரி, “ஆறே மாசம், ஓடவிட்டுக் காட்டறேன்,” என்றார்.

“ஓடறது இருக்கட்டும்டா, முதல்ல நிக்கட்டும்,” என்றார் என் மாமியார். வண்டிக்கு ஸ்டாண்டு இல்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மிக்ஸி வாங்க வந்தவரை வாஷிங் மெஷினோடு அனுப்பிவைப்பார். அவர் பேச்சுக்கு மயங்காதது திருகாணி ஒன்றுதான். எந்தப் பக்கம் திருக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் திருகிவிட்டு, “பழைய வண்டி, கொஞ்சம் பிடிவாதம்,” என்பார். பிறகு சுத்தியலை எடுப்பார்.

முதல் தடவை நான் வண்டியைத் தொட்டது தற்செயல். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியிருந்தார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுந்து ஷெட்டுத் தரையில் குளம் கட்டியிருந்தது. துடைக்கப் போனேன். துடைத்த கையோடு, மெழுகு செதுக்கும் கத்தியால் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் குண்டூசி மாதிரியான முள் தலைகீழாக இருந்தது. அதை நிமிர்த்தி வைத்து, துளைகளை ஊதிச் சுத்தம் செய்து மூடினேன். இருபது நிமிட வேலை. பல்லை விட எளிது, வண்டி வாயை மூடாது.

அன்று மாலை அவர் வந்து உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்கப் புகை. மாமியார் பார்த்துக்கொண்டிருந்த டிவியில் சத்தம் மட்டும் வந்தது, படம் தெரியவில்லை. அவர் புகையிலிருந்து வெளியே வந்து இரண்டு கையையும் விரித்து, “பாத்தியா? நான் கை வெச்சா உயிர் வந்துடும்,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன்.

அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள் சார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் முகத்தில் அந்தப் பிரகாசத்தை ஏற்றியது நான்தான் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு தினம் ஒரு வேலை இருந்தது. அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணிநேரம் எதையாவது மாட்டுவார். மறுநாள் பிற்பகல் நான் கழற்றிச் சரியாக மாட்டுவேன். செயினை இணைக்கும் பூட்டைப் பின்முன்னாகப் போட்டிருப்பார், திருப்புவேன். சக்கரக் கம்பிகளை வீணை மாதிரி மீட்டிப் பார்த்து ‘சுருதி சேந்துடுச்சு’ என்று போயிருப்பார். நான் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக இறுக்கி, சக்கரத்தின் கோணலை எடுப்பேன். உடைந்த பக்க மூடியை ஈறு செய்யும் பசையால் உள்பக்கமாக ஒட்டினேன். மேலே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டதால் தெரியாது. கழற்றிப் பார்த்தீர்கள் என்றால் ரோஜா நிறத்தில் ஆரோக்கியமான ஈறு தெரியும். சோக்கை இழுக்கும் நெம்புகோல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பல்தட்டுக்குக் கம்பி வார்க்கும் உலோகத்தில் நானே ஒன்று வார்த்து அவருடைய தகர டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கண்டெடுத்தார். “இங்கேயேதான் கிடந்திருக்கு பாரு. தேடற விதத்துல தேடினா கிடைக்கும்,” என்றார்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். ஒன்று ஓடவில்லை என்றால் காரணம் தேடுகிறவர்கள் உண்டு. ஓடினால் காரணம் தேடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. நீங்களும் தேடவில்லையே சார். உங்கள் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்துக்கு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர் வைத்தது நீங்கள்தான். செத்த வண்டிக்கு உயிர் கொடுக்கிறாராம். அப்புறம் ஆளாளுக்கு வண்டியைக் கொண்டுவந்து எங்கள் ஷெட்டில் நிறுத்தினீர்கள். என் பிற்பகல் தூக்கம் போயே போய்விட்டது. உங்கள் வண்டியின் பிரேக்கையும் அவர்தான் போட்டார். முகம் வெளுக்க வேண்டாம். மறுநாள் நான் மறுபடி போட்டேன்.

என் மாமியாருக்கு இதெல்லாம் தெரியும். ஒரு நாள் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். நான் கை முழுக்க கிரீஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“பயப்படாதேம்மா,” என்றார். “அவங்கப்பா பேப்பருக்கு எழுதற கடிதாசி எல்லாம் பிரமாதம்னு ஊரே சொல்லும். அதை யார் எழுதினாங்கன்னு நெனச்சே?”

“அத்தே, நீங்களா?”

“சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் திருத்தி வெச்சதைப் பாத்துட்டு, நேத்து என்னமா எழுதிட்டேன்னு அவரே ஆச்சரியப்படுவார்.” பிறகு, “அவருக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு டிவிக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்படி எந்த வருத்தமும் இல்லை. இருந்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

அது உங்களுக்கும் நினைவிருக்கும். சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஒன்பது பேர் வண்டியைச் சுற்றி நின்றீர்கள். டீயும் பிஸ்கட்டும் தட்டில் வைத்து எடுத்து வந்தேன். உங்களில் ஒருவர், கண்ணாடிக் கடைக்காரர் என்று நினைக்கிறேன், நல்ல மனிதர், “மேடமும் கூடமாட ஹெல்ப் பண்ணுவாங்களா டாக்டர்?” என்று கேட்டார்.

“இவளா?” என்றார் என் கணவர். “ஸ்பானர் எடுத்துட்டு வான்னா, அடுப்படில போய் இடுக்கிய எடுத்துட்டு வருவா.”

எல்லாரும் சிரித்தீர்கள். நீங்கள் டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தீர்கள். துடைக்கத் துணி கொண்டுவந்தேன். நானும் சிரித்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். நாலு பேர் கூடினால் அவருக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான். எனக்குக் கோபமே இல்லை. அன்று ராத்திரி அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன், என் தட்டில் போட்டுக்கொள்ளத்தான் மறந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து வண்டியைத் தொடுவதை நிறுத்தினேன். நான் செய்த குற்றம் என்று நீங்கள் எதையாவது எழுத வேண்டும் என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெண் தன் பிற்பகல் தூக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

காலம்தான் கொஞ்சம் இசகுபிசகாக அமைந்துவிட்டது. சங்கத்தின் குன்றேற்றப் போட்டிக்கு மூன்றே வாரம் இருந்தது. அவர் அதற்காக வண்டியைத் தன் உயரத்துக்கு ஏற்ப மாற்றப்போவதாகச் சொல்லி மொத்தமாகப் பிரித்துப் போட்டார். ஹேண்டில்பாரை உயரமானதாக மாற்றினார். கால் வைக்கும் கட்டையை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளினார். சீட்டை வெட்டிச் சின்னதாக்கினார். எல்லாவற்றையும் அவரே திரும்பக் கோத்தார். நான் பிற்பகலில் டீயோடு ஷெட்டுக்குப் போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு வெறுமனே பார்ப்பேன். சீட்டுக்கு இரண்டு போல்ட்டில் ஒன்றுதான் இருந்தது. சைலன்சரின் ஸ்பிரிங் கொக்கியில் மாட்டாமல் சும்மா சாய்ந்திருந்தது. கியர் மிதியின் திருகை விரலால் சுழற்றலாம். இப்படி மொத்தம் பத்து. இதில் ஒன்றுகூட என் வேலை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரங்களில் நான் அவருக்குச் செய்ததெல்லாம் சின்ன ஒத்தாசைகள்தான். வியாழக்கிழமை அவருக்கு வெள்ளைத் தகட்டில் ஏழு என்று போட்டி எண் எழுதி, அதை ஹேண்டில்பாருக்கு நடுவில் கட்டிக் கொடுத்தேன். “அட, அழகா கட்டிட்டியே,” என்றார். அன்று மாலையே, ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த அச்சுப்பசையைச் சோதிக்க ஆள் வேண்டியிருந்ததால், அவர் வாயில் வைத்து ஒரு அச்சு எடுத்தேன். வாய் நிறையப் பசையோடு மூன்று நிமிடம் அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாமியார் டிவியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நீங்களே சாட்சி. பழைய கல்குவாரியின் அடியிலிருந்து அவர் கிளம்பியபோது எல்லாரும் ‘டாக்டர், டாக்டர்’ என்று கூவினீர்கள். முதல் திருப்பத்தில் சைலன்சர் இறங்கிக்கொண்டது. சத்தம் இடி மாதிரி கேட்டதும் அவர் வேகம் கூடிவிட்டது என்று நினைத்து உற்சாகமாகிவிட்டார். அடுத்தது பக்க மூடி. அதற்கடுத்து கியர் மிதி. நீங்களும் கண்ணாடிக் கடைக்காரரும் பின்னாலேயே ஓடி ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள். சந்தைக்குப் போய்விட்டு ஓட்டைப் பையோடு வீடு திரும்புகிறவர் மாதிரி அவர் மேலே போய்க்கொண்டிருந்தார். பாதி மேட்டில் சீட்டு பின்பக்கமாகப் போய்விட்டது, அவர் போகவில்லை. நின்றபடியே ஓட்டினார். கூட்டம் அதை வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று வாரத்தில் அன்றுதான் எனக்கு அப்படிச் சிரிப்பு வந்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தப் படிவமே தேவைப்பட்டிருக்காது. வண்டி அங்கேயே அணைந்திருக்கும், நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவர் சரளைக் கல்லைத் திட்டியிருப்பார். ஆனால் கடைசிச் செங்குத்தில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து உடம்பைத் தூக்கினார். ஹேண்டில்பார் அப்படியே சுழன்று அவர் மடிக்கு வந்துவிட்டது. முகம் பெட்ரோல் டாங்கின் மூடியில் மோதியது. இரண்டு முன்பல் போனது. வண்டி அவர்மேல் சாய்ந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். நீங்கள் எல்லாரும் சாமான் கையில் வைத்திருந்தீர்கள்.

மறுநாள் மாலை புதுப் பல் பொருத்தியாகிவிட்டது. டென்டிஸ்ட் மூக்கின்மேல் விரலை வைத்தார். நேற்று நீங்களும், “என்ன மேடம், மறுநாளே பல்லா?” என்றீர்கள். பாராட்டுக்கு நன்றி.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். பத்துச் சாமானை ஒரு வரிசையில் வைத்தீர்கள். அது கவனக்குறைவு, உங்களுக்கே தெரிகிறது. பதினொன்றாவதைத் தனியே, என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப், நாலு போல்ட்டையும் திருகாமல் வண்டியிலிருந்து அடியோடு கழற்றி எடுத்தது. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. கிளாம்பிலும் அதற்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் போல்ட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அடையாளம். இப்போது சேரவில்லை. நாலும் சரியாக அரைச் சுற்று விலகியிருக்கின்றன. “ஆட்டத்துல கழண்டுதுன்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கழண்டிருக்கும் மேடம்,” என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் நல்ல செயலாளர். உங்களை ஏன் மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிகிறது.

அந்தச் சிவப்பு என் நகப்பூச்சு. காணோம் என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை சமையலறை ஜன்னல் வழியே அவரைப் பார்த்தேன். ஷெட்டில் வண்டிக்கு முன் மண்டி போட்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஒன்றும் பேசவில்லை. போதுமான அளவு இறுகியதும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பானர் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்திருந்தார். வண்டியின் புத்தகம் தரையில் விரித்துக் கிடந்தது. ஒன்றை இறுக்கி, எதிர்மூலையில் இருப்பதை இறுக்கி, மறுபடி முதலுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக, முறையாகச் செய்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நகப்பூச்சுக் குச்சியால் கோடு போட்டார். நாலு கோடும் மயிரிழை மாதிரி.

சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கு ஒண்ணு பண்ணேன். யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்,” என்றார். “நீ பல்லு செதுக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு செய்வே இல்ல? உன்னைப் பாத்துத்தான் அப்படிச் செஞ்சேன். என் மத்த வேலையெல்லாம் எப்படியோ நடந்துடுது. இது நானே செஞ்சேன்னு எனக்கே தெரியுது.”

“சாப்பிடுங்க, ஆறுது,” என்றேன்.

வியாழக்கிழமை பிற்பகல் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று அரை மணிநேரம் தேடினேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக நான் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது சார். அதற்கு வேறு வார்த்தை இருந்தால் எழுதியிருப்பேன். இன்று இதைக் கற்றுக்கொண்டார், நாளை கார்புரேட்டரைக் கற்றுக்கொள்வார், ஒரு வருடத்தில் நிஜமாகவே டாக்டராகிவிடுவார். அப்புறம் அவர் முகத்தில் அந்தப் பிரகாசம் வரும்போது அதில் என் பங்கு என்ன இருக்கும்?

மற்றப் பத்தையும் நான் தொடவில்லை. அவர் சரியாகச் செய்த அந்த ஒன்றை மட்டும் தொட்டேன். நாலுக்கும் அரைச் சுற்று. கையால் தள்ளினால் அசையாது, மேட்டில் பிடித்து இழுத்தால் சுழலும். கோடுகள் கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் ஏழாம் எண் தகட்டைக் கட்டினேன்.

இது அவரைத் தோற்கடிக்க அல்ல. கொஞ்சம் தடுமாறி, கொஞ்சம் பயந்து, வீட்டுக்கு வந்து ‘எனக்கு இது வராது போலிருக்கு’ என்று என்னிடம் சொன்னால் போதும் என்று நினைத்தேன். மற்றபடி அவர் உடம்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றுதான் நான் விரும்பினேன். இதை என் மாமியார் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

நீங்கள் கணக்குப் போடுகிறவர். வியாழக்கிழமை அச்சு எடுத்தேன், அவர் ஞாயிற்றுக்கிழமை விழுந்தார், திங்கட்கிழமை பல் தயார். ஒரு தட்டுக்கு நாலு நாள் ஆகும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அதை இப்போது அடிப்பதில் அர்த்தமில்லை. உயரமான அந்த ஹேண்டில்பாருக்கும் டாங்கின் மூடிக்கும் நடுவில் அவர் முகம் எந்த இடத்தில் வரும் என்று பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்தேன். ஆனாலும் எவ்வளவு குறைவான சேதம் என்று யோசித்துப் பாருங்கள். நான் நாலு பல் செய்து வைத்திருந்தேன் சார். இரண்டுதான் போனது. மீதி இரண்டும் ஆய்வக டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.